ராஜா வீட்டுக் கத்தி

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கந்தர்வகோட்டைப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. பரம்பரையாகக் கொல்லுப்பட்டறை வைத்திருந்த குடும்பம். இவர் காலத்தில் அது லேத் பட்டறையாகிவிட்டது. கையில் ஈரிழைத் துண்டில் சுற்றிய ஒரு பொருள். காப்பி குடித்து முடிக்கும் வரை அதைப் பிரிக்கவில்லை. பிறகு திண்ணையில் வைத்துப் பிரித்தார்.

"சார், பழைய வீட்டை இடிச்சப்போ பரண்ல இருந்தது. எங்க முப்பாட்டனுக்குத் தொண்டைமான் மகாராஜா கொடுத்த கத்தி. நீங்க பார்த்து, இது ராஜா கொடுத்ததுதான்னு ஒரு கடுதாசி எழுதித் தரணும்."

முப்பது வருடம் வரலாறு கற்பித்தவன் என்பதால் என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று நினைத்திருக்கிறார். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தாராம். கத்திக்கு ஒரு விலை, ராஜா கொடுத்தது என்று எழுத்தில் இருந்தால் அதைப்போல ஐந்து மடங்கு விலை என்று சொல்லிவிட்டுப் போனாராம். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். அவர் அவசரம் எனக்குப் புரிந்தது.

"எழுதுறேம்ப்பா. ஆனா முதல்ல கத்தி என்ன சொல்லுதுன்னு கேட்போம்" என்றேன். அன்று தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதம் அந்தக் கத்தியோடு கழிந்தது. நம் வட்டாரத்தில் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இப்படிப் பழைய இரும்பு கிடக்கிறது என்பதால், அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அதன் உருவத்தைச் சொல்கிறேன். நாம் பார்த்துப் பழகிய சூரிக்கத்தி, பிச்சுவா போன்றதல்ல அது. அவற்றுக்கெல்லாம் பிடியும் அலகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். இதில் பிடி குறுக்காக இருந்தது. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், நடுவே ஏணிப்படி போல இரண்டு குறுக்குக் கம்பிகள். அந்தக் கம்பிகளைச் சேர்த்து முட்டி மடக்கிப் பிடித்தால், அலகு நம் கை முட்டிக்கு நேர் முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். முட்டியால் குத்துவது போலக் குத்த வேண்டியதுதான். தமிழில் முட்டியால் அடிப்பதற்கும் குத்து என்கிறோம், கத்தியால் செருகுவதற்கும் குத்து என்கிறோம். இரண்டும் ஒன்றாகிற ஆயுதம் இது.

பிடிக்கு மேலே, புறங்கையை மூடுவது போல இரும்புத் தகட்டில் ஒரு மூடி வளைந்திருந்தது. காற்றில் புடைத்த படகுப் பாயின் வடிவம். அதில் துளையிட்டுச் செய்த பூ வேலைப்பாடு. மூடியின் உச்சியில் யாளித் தலையோ மகரத் தலையோ இருந்திருக்க வேண்டும். பாதி உடைந்து, திறந்த வாய் மட்டும் மிஞ்சியிருந்தது. அலகு இரண்டு பக்கமும் கூரானது, ஒரு சாணுக்குச் சற்று அதிகம். அதன் நீளவாக்கில் மூன்று மெல்லிய பள்ளக்கோடுகள்.

இந்த வகைக்குப் பெயர் கட்டாரி. வடக்கே கட்டார் என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் இந்தியா முழுவதும் சுற்றிய மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மதுரையில் அப்போது ஆண்ட சுல்தானுக்கு அவர் சகலை முறை, அதனால் நம் பக்கமும் வந்து தங்கிப் போனவர். கலப்பைக் கொழு போன்ற இரும்பாயுதம், அதற்குள் கையை நுழைத்துக்கொண்டால் முன்கை மறைந்துவிடும் என்பது அவர் தரும் வருணனை. பெயரையும் ஏறக்குறைய கட்டாரா என்றே எழுதுகிறார். அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஆயுதம் இந்தப் பெயரோடு இருக்கிறது.

ஆனால் கட்டாரி என்று தெரிந்துகொண்டதால் அது எந்த ஊர்க் கட்டாரி என்று தெரிந்துவிடாது. மொகலாயர் காலத்தில் டில்லி, ராஜஸ்தானம், பஞ்சாப் எங்கும் அது பரவிவிட்டது. அரசர்களின் ஓவியங்களில் இடைக்கச்சையில் செருகியிருப்பது பெரும்பாலும் இதுதான். ஊரைக் காட்டிக்கொடுப்பது அந்த மூடி. வடநாட்டுக் கட்டாரிகளில் மூடி கிடையாது. வெறும் சட்டமும் குறுக்குக் கம்பியும்தான், பணக்காரர் ஆயுதமானால் அதன்மேல் பொன் வேலை. புறங்கையைப் பாய் போல மூடும் தகடு தெற்கத்தி வழக்கம். விஜயநகரக் காலத்தில் எழுந்து நாயக்கர் ஆட்சியில் தொடர்ந்தது. யாளியும் மகரமும் நம் கோயில் தூணில் எப்படி நிற்கின்றனவோ, அப்படியே ஆயுதத்தின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கும்.

இதைப் புத்தகத்தில் படித்ததோடு விடாமல் நேரில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினேன். முதலில் நம் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1910இல் சமஸ்தான காலத்தில் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளை எத்தனையோ முறை அழைத்துப்போன இடம்தான், ஆனால் ஆயுதப் பகுதியில் நான் நின்று பார்த்தது குறைவு. வளரியைக் காட்டி நான்கு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவேன். இந்த முறை ஒரு மணி நேரம் நின்றோம். பிறகு சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு முழுக் காலைப்பொழுது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த மூடு கட்டாரிகளுக்கும், என் கைப்பேசியில் இருந்த படத்துக்கும் அண்ணன் தம்பி சாயல். அவற்றுக்கெல்லாம் ஊர் தஞ்சாவூர்.

ஊருக்குத் திரும்பியதும் மாணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "தம்பி, கைப்பிடி தஞ்சாவூர்க் குடும்பம்."

"அலகு சார்?" என்றார்.

அலகை ஆராய்ந்ததில் பாதிப் பெருமை அவருக்கே சேர வேண்டும். இரும்போடு பிறந்தவர் அல்லவா? நான் அந்த மூன்று பள்ளக்கோடுகளைக் காட்டி, ரத்தம் வழிந்தோட வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் சொல்வார்களே என்றேன். அவர் சிரித்தார். "ரத்தத்துக்கு எதுக்கு சார் வாய்க்கால்? தண்டவாளத்தைப் பாருங்க, நடுவுல ஒல்லியா இருக்கும். கனம் குறையும், வளையாமலும் நிக்கும். அதே கணக்குதான்." சரியான விளக்கம். ஆயுதம் பற்றிய நூல்களும் இதையே சொல்கின்றன.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். அலகின் முனையை மரப்பலகையில் ஊன்றி மெல்ல அழுத்தினார். எனக்கு நெஞ்சு பதறியது. அலகு விரற்கடை அளவு வளைந்து, விட்டதும் நேராகிவிட்டது. "ஸ்பிரிங் பதம் ஏத்தியிருக்கான் சார். நம்ம ஊரு பழைய இரும்பு இப்படி வளையாது" என்றார். இந்தச் சோதனையை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பழைய இரும்பு எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

நம் நாட்டு உருக்கு உலகப் புகழ் பெற்றது. சேலம், மைசூர், தெலுங்கானப் பகுதிகளில் மண் குகையில் வைத்துக் காய்ச்சிய எஃகை அரபு நாடுகள் வரை வாங்கிப் போனார்கள். தென்னாட்டு மொழிகளில் அதற்கு வழங்கிய பெயர்தான் வெள்ளைக்காரன் வாயில் ஊட்ஸ் ஆனது. அந்த எஃகில் செய்த வாள் கடினமானது, கூர் மங்காது. ஆனால் வளைந்து கொடுக்காது, மீறினால் ஒடியும். வளைந்து நிமிரும் மெல்லிய நீண்ட அலகு ஐரோப்பியக் கொல்லர்களின் தனித்திறம். ஜெர்மனியின் சோலிங்கன், இத்தாலியின் பெல்லூனோ, ஸ்பெயினின் தொலேதோ ஆகிய ஊர்கள் இதற்குப் பேர்போனவை.

போர்த்துக்கீசியர் வந்த பிறகு இந்த அலகுகள் கப்பல் கப்பலாக இங்கே இறங்கின. வடக்கே அதற்கு ஃபிரங்கி வாள் என்றே பெயர். நம் ஊர்ப் பரங்கி என்ற சொல்தான் அது. பரங்கிக்காய், பரங்கிப்பேட்டை மாதிரி ஒரு பரங்கி வாள். நாகப்பட்டினம் 1658இல் டச்சுக்காரர் கைக்குப் போகும் வரை போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. 1620இல் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். இப்படித் தஞ்சை நாயக்கர்களின் கடற்கரையிலேயே பரங்கிகள் கடை விரித்திருந்தார்கள். அலகு கிடைப்பதில் சிரமமே இருந்திருக்காது. நீண்ட வாள் அலகை வாங்கி, தேவையான அளவுக்கு நறுக்கி, நம் ஊர்க் கட்டாரிப் பிடியில் ஆணி அடித்து இறுக்கிவிடுவார்கள். தஞ்சைக் கட்டாரிகளில் பல இப்படிப்பட்டவைதான்.

நம் கத்தியிலும் பிடியிலிருந்து நீளும் இரண்டு தகடுகளுக்கு நடுவே அலகைச் செருகி ரிவிட் அடித்திருந்தது. பள்ளக்கோடுகள் தகட்டுக்கு அடியிலும் தொடர்ந்து ஓடின. அதாவது, இந்த அலகு இந்தப் பிடிக்காகப் பிறந்தது அல்ல. வேறொரு வாளிலிருந்து வந்தது.

பூதக்கண்ணாடியில் இன்னொன்றும் தெரிந்தது. பிடிக்குச் சற்று மேலே, எதிரெதிராக இரண்டு பிறை வடிவம், ஓரத்தில் சிறு சிறு பற்கள். கண் இமை மாதிரி இருக்கும். இத்தாலியின் ஜெனோவா நகரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் முத்திரை அது. இதைக் கண்டதும் இத்தாலி, இத்தாலி என்று நான் குதித்தது உண்மை. மறுநாள் படித்தபோது அடங்கிவிட்டேன். நல்ல பெயர் எடுத்த முத்திரையை எல்லா ஊர்க்காரனும் அடித்துக்கொண்டான். ஜெர்மனியிலும் அடித்தார்கள், ஆப்கானிஸ்தானத்திலும் அடித்தார்கள், நம் நாட்டிலேயும் அடித்தார்கள். ஆந்திரேயா ஃபெராரா என்ற இத்தாலியக் கொல்லரின் பெயரை அவர் பிறக்காத ஊர்களிலும் வாளில் வெட்டி விற்றிருக்கிறார்கள். கம்பெனி பெயரில் போலிச் சரக்கு இன்று நேற்று வந்ததல்ல. ஆகவே முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. வளைந்து நிமிரும் பதம், ஒரே சீரான பள்ளக்கோடு, பிடிக்குள் ஓடும் வெட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பரங்கி அலகு என்று சொன்னோம்.

இதுவரை வந்தது சரி. தஞ்சாவூர்ப் பிடி, பரங்கி அலகு. அது கந்தர்வகோட்டைக் கொல்லர் வீட்டுப் பரணுக்கு எப்படி வந்தது? தொண்டைமான் எங்கே வருகிறார்?

வரக் கூடாது என்று இல்லை. தொண்டைமான்களுக்கும் தஞ்சைக்கும் சண்டையும் சமாதானமும் மாறி மாறி நடந்ததுதான் நம் சரித்திரம். தஞ்சைக்குச் சொந்தமாக இருந்த கீழாநிலைக் கோட்டை 1803இல் கும்பினியார் தயவில் தொண்டைமானுக்கு வந்தது. சண்டையில் பிடித்த ஆயுதத்தை அரசர் தம் ஆளுக்குப் பரிசளிப்பது இயல்புதான். சமஸ்தானத்தில் அமரகாரர்கள் என்று நிலம் பெற்றுப் படைக்கு வந்த குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு வீட்டில் இந்தக் கத்தி இருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டேன்.

இடித்தது ஊர்தான். இன்று நமக்குக் கந்தர்வகோட்டை என்றால் புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் இந்த மாவட்டம் பிறந்தது 1974 ஜனவரி 14ஆம் தேதி. 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தில் இருந்த பழைய சமஸ்தானப் பகுதியோடு, தஞ்சை மாவட்டத்தின் சில பகுதிகளையும் சேர்த்து உண்டாக்கியது. அப்படி வந்து சேர்ந்தவற்றில் ஒன்று கந்தர்வகோட்டை. சமஸ்தானத்துக்கு வெளியே, தஞ்சை ஜில்லாவில் அது ஒரு தனி ஜமீனாக இருந்தது. அந்த ஊர்க் கொல்லருக்குத் தொண்டைமான் எதற்குக் கத்தி கொடுக்கப் போகிறார்?

இதை அவரிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. "அப்போ எங்க தாத்தா சொன்னது பொய்யா சார்?" என்று கேட்டார். விலை போய்விட்டதே என்ற வருத்தம் அந்தக் குரலில் இல்லை. எனக்கும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் வால்ஹவுஸ் என்ற வெள்ளைக்காரரின் கட்டுரை இணையத்தில் கிடைத்தது. மோர்ட்டன் ஜான் வால்ஹவுஸ் மதராஸ் மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்தவர். தஞ்சையின் பழைய ஆயுதசாலை பற்றி 1878இல் இண்டியன் ஆன்டிகுவரி என்ற இதழில் எழுதியிருக்கிறார். தஞ்சாவூர் ஆயுதங்களைப் பற்றிப் பேசுகிற எவரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ராபர்ட் எல்குட் என்ற ஆங்கிலேய அறிஞர் 2004இல் வெளியிட்ட தென்னாட்டு ஆயுதங்கள் பற்றிய பெரிய நூலிலும் தஞ்சை ஆயுதசாலையின் கதை விரிவாக வருகிறது.

நடந்தது இதுதான். தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனைச் சொத்தையும் சேர்த்துப் பூட்டினார்கள். மூத்த ராணி காமாட்சி பாயி வழக்குத் தொடுத்தார். மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் வெற்றி கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அதைத் தள்ளிவிட்டது. அரசு செய்த காரியத்தை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பது தீர்ப்பு. பிறகு 1862இல் அரசாங்கமே மனமிரங்கி ராணிகளுக்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது.

ஆயுதங்களின் தலைவிதி வேறாக இருந்தது. 1857 கலகம் முடிந்து ஆறு வருடம்கூட ஆகவில்லை. ஒரு அரண்மனை நிறைய வாளும் கட்டாரியும் ஈட்டியும் இருப்பதை எந்தச் சர்க்கார் விரும்பும்? 1863இல் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. நல்லவை என்று தோன்றிய சிலவற்றைப் பொறுக்கி மதராஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். நான் எழும்பூரில் பார்த்தவை அவைதான். மற்றதையெல்லாம் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.

தஞ்சை அரண்மனைக்குப் போனவர்கள் அந்தக் கூடகோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆயுத கோபுரம் என்றும் சொல்வார்கள். விஜயநகரம், நாயக்கர், மராட்டியர் என்று மூன்று ஆட்சிகளின் படைக்கலம் சேர்ந்து கிடந்த ஊரில், அவ்வளவும் சம்மட்டிக்கு இரையாகி எடை போட்டுப் போயிற்று. எந்தக் கத்தி யாருடையது, எந்தப் போரில் வந்தது என்ற விவரங்கள் எல்லாம் அந்தத் தராசோடு போயின.

இதைப் படித்த கையோடு கத்தியை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். முன்பு சும்மா பார்த்துக் கடந்ததெல்லாம் இப்போது கண்ணில் குத்தியது. யாளித் தலை தானாகத் தேய்ந்து உதிரவில்லை, அடி விழுந்து உடைந்திருந்தது. மூடி ஒரு பக்கம் நசுங்கி, பிறகு யாரோ பின்னாலிருந்து தட்டி நிமிர்த்திய அடையாளம், சின்னச் சுத்தியலின் தழும்பு வரிசையாகத் தெரிந்தது. அலகின் முனையும் சாதாரண முனை அல்ல. வாள் அலகை முறையாக நறுக்கிக் கட்டாரி செய்பவன் முனையை இரண்டு பக்கமும் சமமாக இறக்கிக் கூராக்குவான். இதில் ஒரு பக்கம் சரிவு அதிகம். பள்ளக்கோடு மூன்றும் முனை வரை ஓடி அந்தரத்தில் நின்றன. ஒடிந்து போன அலகைச் சாணைக்கல்லில் தேய்த்துக் கூராக்கினால் இப்படித்தான் இருக்கும்.

மாணவரைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். தழும்பின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தார். "இது எங்க ஆளு கை சார்" என்றார் கடைசியில். "உள்ளே உளி வைக்காம, உருண்டை முகம் உள்ள சுத்தியால தட்டியிருக்கு. தகரம் எடுக்கிற சுத்தி. எங்க பட்டறையில இன்னும் கிடக்கு."

அடுத்த வாரம் அவருடைய அம்மாவைப் பார்க்கப் போனோம். வயது எண்பத்து நான்கு. கண் மங்கல், காது தெளிவு. நான் கேள்வியை வளைத்துக் கேட்கவில்லை. "ஆத்தா, பரண்ல இருந்த அந்தக் கத்தியை உங்க மாமனார் என்னன்னு சொல்லுவார்?" என்றேன்.

"ராஜா வீட்டு இரும்புன்னு சொல்லுவாக" என்றார் பாட்டி. "அவுக தாத்தா காலத்துல வண்டி கட்டிக்கிட்டுத் தஞ்சாவூருக்குப் போயி இரும்பு வாங்கியாருவாகளாம். ராஜா வீட்டு இரும்பு மலிவாக் கிடைச்சுச்சாம். கொழு அடிச்சாக, அருவா அடிச்சாக. இது ஒண்ணை மட்டும் அடிக்க மனசு வரலைன்னு எடுத்து வச்சாகளாம்."

எங்கள் இருவருக்கும் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

குடும்பக் கதை பொய் இல்லை. ராஜா வீட்டு இரும்பு என்பது ராஜா வீட்டுக் கத்தியாகி, பிறகு ராஜா கொடுத்த கத்தியாகிவிட்டது. நம் ஊரில் ராஜா என்று மட்டும் சொன்னால் தொண்டைமானைத் தவிர வேறு யாரையும் குறிக்காது. ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்த பிறகு, கதையில் இருந்த ராஜாவும் தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு மாறிவிட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தெரிந்த ராஜாவை அங்கே உட்கார வைத்தது.

ஐரோப்பாவில் எங்கோ ஒரு கொல்லன் அடித்த அலகு, தஞ்சையில் ஒரு கொல்லன் செய்த பிடி, சம்மட்டியில் அது நொறுங்கிய பிறகு கந்தர்வகோட்டையில் இன்னொரு கொல்லன் நிமிர்த்திய மூடி. இந்தக் கத்தியின் பூர்வீகம் எது என்று யாராவது கேட்டால் மூன்றையும்தான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் மூன்றாவது ஆளுக்கே முதல் மரியாதை. பொறுக்கி எடுக்கப் படித்த அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் தள்ளிய குவியலிலிருந்து, உலையில் போட்டால் ஒரு கொழுவாகியிருக்கும் துண்டை எடுத்து, இதை அடிக்கக் கூடாது என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் வரலாறு படித்தவர் அல்ல. வேலை தெரிந்தவர். இன்னொருவன் வேலையை மதிக்கத் தெரிந்தவர்.

கடுதாசி எழுதிக் கொடுத்தேன். தொண்டைமான் பெயர் அதில் இல்லை. பிடி எந்த வகை, அலகு எப்படிப்பட்டது, எங்கே உடைந்து எங்கே ஒட்டியிருக்கிறது, பாட்டி சொன்னது என்ன, எந்தத் தேதியில் சொன்னார், அவ்வளவுதான். வியாபாரி அதைப் படித்துவிட்டு முன்பு சொன்ன விலையிலும் குறைத்துவிட்டாராம். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அனுப்புவதாகப் பேச்சில் வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். நூறு வருடம் கடந்த பழம்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதைச் சொன்னதும் ஆள் மறுபடி வரவில்லை. மகளுக்குக் கட்டணம் கட்ட வங்கியில் கல்விக்கடன் வாங்கினார் மாணவர். கத்தியை இப்போதைக்கு விற்பதாக இல்லை. பிறகு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். அது அவர் வீட்டுப் பொருள், அவர் முடிவு.

இதைப் படிக்கும் நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இரண்டு வார்த்தை. உங்கள் பரணிலோ பூசை அறையிலோ பழைய ஆயுதம் கிடந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், புளி போட்டு விளக்காதீர்கள். துருவோடு சேர்ந்து முத்திரையும் சுத்தியல் தழும்பும் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெயை லேசாகத் தடவி, காய்ந்த துணியில் சுற்றி வையுங்கள். அத்தோடு ஒரு தாளில், அது எந்த வழியாக உங்களுக்கு வந்தது, வீட்டில் அதற்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். கதையை அழகுபடுத்தி எழுத வேண்டாம். பெரியவர்கள் சொன்ன சொல் அப்படியே இருக்கட்டும். இரும்பு வீட்டு இரும்பு என்று சொன்னால் இரும்பு என்றே எழுதுங்கள், கத்தி என்று மாற்றாதீர்கள்.

அந்தப் பாட்டி சொன்ன நாலு வரியை நாங்கள் எழுதி வாங்கியது புரட்டாசி முதல் வாரத்தில். கார்த்திகை பிறக்கும் முன் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது பரணில் இருக்கும் அந்தத் துண்டைப் பிரித்தால், கத்தியோடு அந்தத் தாளும் இருக்கும்.